கீழ்வீட்டுக் குளத்தில் கொழுந்து

எங்கள் ஊர் மத்சுஷிரோவில் ஒருத்தர் வீட்டு ரகசியம் அந்த வீட்டோடு நிற்காது. ஊரார் நாக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீரே போய்ச் சொல்லிவிடும். மலையிலிருந்து இறங்குகிற வாய்க்கால் முதல் வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் விழுந்து, அது நிரம்பி வழிந்து, வேலிக்கு அடியில் புகுந்து அடுத்த வீட்டுக் குளத்துக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த வீடு. மேல்வீட்டில் கீரை கழுவினால் கீழ்வீட்டு மீனுக்குத் தெரிந்துவிடும்.

மசாயோவின் வீட்டுக்குத் தோட்ட மேஸ்திரி வந்திருக்கிறாரா இல்லையா என்பது கீழ்வீட்டு தோக்கியேவுக்குத் தெரிந்ததும் இப்படித்தான். ஏப்ரல் கடைசியில், செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்து, மசாயோவின் குளக்கரை மேப்பிள் துளிர்விடுகிற நாட்களில், அரிசி அளவுக்குச் சின்னச் சின்னச் சிவப்புக் கொழுந்து நுனிகள் வாய்க்காலில் மிதந்து வரும். தோக்கியேவின் மீன்கள் ஏதோ தீனி என்று வாயில் வாங்கி, ருசி பார்த்து, துப்பும். உடனே வேலிக்கு மேலே தோக்கியேவின் தலை முளைக்கும்.

"வந்துட்டாரு போலிருக்கே உன் மேஸ்திரி!"

"என் மேஸ்திரி என்னக்கா, ஊருக்கே அவர்தானே மேஸ்திரி."

"ஊருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவாரு. உனக்கு மட்டும் ஏண்டி பதினஞ்சு நாள் தொடர்ந்தாப்பல?"

"கொழுந்து கிள்ளணும்ல."

"ஆமாமா, கிள்ளணும். நல்லாக் கிள்ளட்டும்," என்று தலை மறைந்துவிடும். சிரிப்பு மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

தோக்கியேவுக்கு அறுபத்தெட்டு வயது. வாய்க்கு வயது ஆகவே இல்லை. மசாயோவுக்கு ஐம்பத்தெட்டு. புருஷன் போய் பன்னிரண்டு வருஷம். கிமோனோக்களைப் பிரித்து, அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். நாள் முழுக்க ஊசியும் நூலுமாக இருப்பதால் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது. அந்தக் கண்ணாடியும் பாதி நேரம் அவள் தலைமேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கும். அது தெரியாமல் வீடெல்லாம் தேடுவாள்.

மேஸ்திரியின் பெயர் குனிஹிகோ. அறுபத்தொரு வயது. கல்யாணமே செய்துகொள்ளாதவர். "அந்த மூணுகால் ஏணியைத்தான் கட்டிக்கிட்டாரு" என்று ஊரில் கேலி பேசுவார்கள். மசாயோ விதவையான வருஷத்திலிருந்து அவள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். பேச்சு குறைவு. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்று திருவிழா என்று வைத்துக்கொள்ளலாம்.

தோட்டவேலைக்கு என்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறுவதும் இல்லை. வேலைக்காரர் பக்கவாட்டுப் படல் வழியாகத்தான் வருவார், முன்வாசல் பக்கம் போகமாட்டார். பத்து மணிக்கு ஒரு டீ, மூன்று மணிக்கு ஒரு டீ, வீட்டம்மா கொண்டுவந்து வைக்கவேண்டும், கூடவே கீரை ஊறுகாயும். அவர் தாழ்வார விளிம்பில் அரைகுறையாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றாமல், காலை மண்ணிலேயே ஊன்றிக்கொண்டு குடிப்பார். உள்ளே ஏறுவது என்ற பேச்சே கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் குனிஹிகோ அந்த வீட்டுப் பாயை மிதித்ததில்லை. தோட்டத்தில் எந்தக் கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உள்ளே எத்தனை அறை என்று கேட்டால் விழிப்பார்.

அந்த மேப்பிள் இருக்கிறதே, வசந்தத்தில் சிவப்பாகத் துளிர்க்கிற சாதி. மொட்டு வெடித்து, இலைகள் இரண்டிரண்டாக, நனைந்த குடையை மடக்கி வைத்தது மாதிரி தொங்கிக்கொண்டு வரும். இரண்டு நாளில் விரல் நீட்டும். அந்த இரண்டு இலைக்கு நடுவே ஊசிமுனை அளவுக்கு ஒரு கொழுந்து எட்டிப் பார்க்கும். அதைச் சாமணத்தால் கிள்ளிவிட்டால் கிளை நீளாது, அடக்கமாக இருக்கும். எல்லா மொட்டும் ஒரே நாளில் விரியாது. அதனால் தினமும் வந்து, அன்றன்று விரிந்ததை மட்டும் கிள்ளவேண்டும். அதற்கு அவர் கூலி வாங்குவதில்லை. "குளிர்கால வேலையோட சேர்த்திதான் வீட்டம்மா" என்பார்.

அவர் வர ஆரம்பித்த நான்காவது வருஷம் ஒருநாள் மசாயோ நூலகத்துக்குப் போய், மேப்பிளைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். அன்றைக்குக் கண்ணாடி மூக்கின்மேலேயே இருந்தது. கொழுந்து கிள்ளுவது தொட்டியில் வளர்க்கும் குட்டை மரங்களுக்கு மட்டும், தோட்டத்து மரத்துக்கு அது தேவையே இல்லை என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவளுடைய மரம் கூரையைத் தொடுகிற உயரம். புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வருகிற வழியில் கொஞ்சம் நல்ல டீத்தூளாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வசந்தம் போயாயிற்று. அவர் பொய்யாகக் கிள்ளினார், இவள் மெய்யாக டீ போட்டாள்.

இந்த வருஷம் துளிர் கிள்ள ஆரம்பித்த நான்காம் நாள், மூன்று மணி டீயின்போது, குனிஹிகோ கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு திருவிழா கணக்கையும் மீறி ஒரேயடியாகப் பேசினார்.

"தம்பி கூப்பிடறான் வீட்டம்மா. நகோயாவுக்கு. பெரிய கம்பெனியாம். ஓட்டல் தோட்டமெல்லாம் பாக்கறாங்களாம். ஏணி ஏற வேண்டாம், கீழ நின்னு கையைக் காட்டினா போதும்ங்கறான்."

மசாயோவுக்கு 'போகாதீங்க' என்று தொண்டைவரை வந்தது. ஆனால் நாற்பது வருஷமாக மரியாதைப் பேச்சுக்கே பழகிப்போன நாக்கு, அது பாட்டுக்கு வேறு எதையோ சொல்லித் தொலைத்தது.

"நல்லதுதானே மேஸ்திரி. உங்க முழங்காலுக்கும் சௌகரியமா இருக்கும்."

"ஆமா. முழங்காலுக்கு நல்லதுதான்." கோப்பையை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "மாசக் கடைசி விடுமுறைக்கு முன்னாடி பதில் சொல்லணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும்போது தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள். முழங்காலாம் முழங்கால்! எவன் கேட்டான் முழங்காலை?

அன்று சாயங்காலமே ரேடியோவில், விடியற்காலம் உறைபனி விழும் என்று சொன்னார்கள். மசாயோ வாசலுக்கு வருவதற்குள் படல் திறக்கிற சத்தம். குனிஹிகோ தோளில் வெள்ளைத் துணிச் சுருள்களோடு வந்து நின்றார். ஒரு மணிநேரம் ஏணியில் ஏறி இறங்கி, அந்தப் பெரிய மரத்தைக் குழந்தைக்குச் சட்டை போடுவது போல் கிளை கிளையாகப் போர்த்திவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் தெருவில் பாதி வீட்டுத் துளிர் கருகிக் கிடந்தது. மசாயோவின் மரத்தில் ஒரு இலைகூடச் சுருங்கவில்லை. அவர் துணியை உரித்ததும் மொத்தச் சிவப்பும் வெயிலில் வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த மனிதருக்கு ஒரு நன்றியாவது ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நன்றி சொல்கிற சாக்கில் மற்றதும் அவருக்குப் புரிந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நல்ல செஸ்ட்நட் மிட்டாய்ப் பெட்டியாகப் பார்த்து வாங்கினாள். வீட்டுக்கு வந்து அலமாரி இழுப்பறையைத் திறந்து, மேலே சுற்றுகிற தாளை எடுத்தாள். கண்ணாடியைக் காணோம். அது தலைமேல் இருந்தது. மூன்று மணி அடிக்கப்போகிறது. எடுத்த தாளைச் சுற்றி, மடிப்பு நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் கொண்டுபோய் நீட்டினாள்.

"இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, மேஸ்திரி."

குனிஹிகோ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, வழக்கத்தைவிடக் கீழே குனிந்தார்.

"புரியுது வீட்டம்மா. ரொம்ப நன்றி."

ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பதினைந்து நாளும் அந்த ஏணி மரத்தடியிலேயேதான் சாய்ந்திருக்கும். அன்றைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாரே என்று மசாயோவுக்கு உறைக்கவில்லை. மனுஷன் உருகிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, வாய்க்குள் பாட்டை முணுமுணுத்தபடியே ஒரு கிமோனோக் கை முழுக்கத் தைத்து முடித்தாள்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பத்து மணிக்கு டீ போட்டு, ஆறவைத்து, தானே குடித்தாள். மூன்று மணிக்கும் அதே கதை. மரத்தில் மொட்டெல்லாம் சடசடவென்று விரிந்துகொண்டிருந்தது, கிள்ள ஆளில்லை. மூன்றாம் நாள் வேலிக்கு மேல் தோக்கியேவின் தலை முளைத்தது. சிரிப்பைக் காணோம்.

"மூணு நாளா என் குளம் காலியாக் கெடக்கு. என்னடி ஆச்சு?"

"தெரியலக்கா."

"நகோயாவுக்குப் போறாராமே? தம்பிக்குச் சரின்னு சொல்லிட்டாராம். எண்ணெய்க் கடையில பேசிக்கிட்டாங்க. இருபத்தொம்பதாம் தேதி ரயிலாம்."

இருபத்தொன்பதுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மசாயோ அப்படியே தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ அவரை என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலையே. மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். நல்லாத் தாள் சுத்தி..."

"எந்தத் தாளு?"

"இழுப்பறையில இருந்ததுதான்."

தோக்கியே சுற்றுவழியெல்லாம் பார்க்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் வேலி இடுக்கில் நுழைந்து, பாவாடையில் முள்ளு மாட்டிக்கொள்ள, நேராக உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தாள். நன்றிக்கென்று சுற்றுகிற பூமுடிச்சுத் தாள் ஐந்தும் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், போன இலையுதிர் காலத்தில் மசாயோவின் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வாங்கியதில் மிச்சமான தாள்கள். அதில்தான் ஒன்று குறைந்திருந்தது.

எங்களில் யாருக்கு எதைக் கொடுத்தாலும் மேலே சுற்றுகிற தாளில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கயிற்று முடிச்சு அச்சடித்திருக்கும். இழுத்தால் அவிழ்கிற பூமுடிச்சு என்றால், இந்தக் காரியம் திரும்பத் திரும்ப நடக்கட்டும் என்று அர்த்தம். அவிழாத இறுக்கு முடிச்சு என்றால், இது இந்த ஒரு தடவையோடு போதும், இனிமேல் வேண்டாம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவருக்கும், கல்யாணத்துக்கும் அதைத்தான் கொடுப்போம். வருஷா வருஷம் வந்து வேலை செய்கிற மனிதருக்கு அதைக் கொடுப்பது, படலைத் திறந்து வெளியே விட்டுச் சாத்துகிற மாதிரி. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அடிப்பாவி!" தோக்கியே தலையில் அடித்துக்கொண்டாள். "ஊசியில நூல் கோக்கற கையாடி இது? மனுஷன் நகோயா போறேன்னு வந்து நிக்கறாரு, நீ இறுக்கு முடிச்சைக் கையில குடுத்து அனுப்பியிருக்கியே!"

"கண்ணாடி இல்லக்கா..."

"கண்ணாடி உன் தலைமேல இருக்கும். மூளைதான் எங்கேன்னு தெரியல. போன் போடு, போடு."

"போன்ல என்னன்னு சொல்ல? தாள் மாறிப்போச்சுன்னா? அப்புறம்?"

"அப்புறம் நீதான் சொல்லணும். நானா வந்து சொல்ல முடியும்?"

மசாயோ சைக்கிளை எடுத்தாள்.

குனிஹிகோவின் வீடு மலையடிவாரத்தில், நாற்றுப் பாத்திகளுக்கு நடுவே. அவள் ஒருதரம்கூட அங்கே போனதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு போய் இறங்கியபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து, கத்தரிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார், கத்தரி ஒன்று கீழே விழுந்தது.

"வீட்டம்மா! மரத்துக்கு ஏதாவது ஆச்சா?"

சொல்ல வந்ததெல்லாம் வழியிலேயே கொட்டிப்போயிருந்தது. எதையாவது பார்க்கவேண்டுமே என்று சுற்றிப் பார்த்தாள். கிணற்றடியில், ஆளுயரத்துக்கு ஒரு மேப்பிள் நின்றது. அதே சிவப்பு. கொழுந்தெல்லாம் தன் இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டு, ஒன்றுகூடக் கிள்ளப்படாமல், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது என் மரம் மாதிரியே இருக்கே."

"உங்க மரத்துக் கிளைதான். எட்டு வருஷம் முன்னாடி ஒட்டு வச்சேன். சொல்லாம எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க."

"அது போகட்டும். இதுக்குக் கொழுந்து கிள்ளலையா?"

குனிஹிகோ விழுந்த கத்தரியை எடுத்தார். துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அது வந்து... தொட்டி மரத்துக்குத்தான் அவசியம்."

"என் மரம் தொட்டியிலயா இருக்கு?"

"இல்ல."

"அப்ப பன்னெண்டு வருஷமா எதுக்குக் கிள்ளினீங்க?"

அந்த மனிதருக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. மறுபடியும் துணியைக் கையில் எடுத்தார். இவரை விட்டால் இருபத்தொன்பதாம் தேதிவரை துடைத்துக்கொண்டே நிற்பார்.

"எனக்கு எட்டு வருஷமாத் தெரியும் மேஸ்திரி. புத்தகத்துல படிச்சேன்."

அவர் நிமிர்ந்தார். "தெரிஞ்சா... தெரிஞ்சேதான் டீ போட்டீங்க?"

"பத்து மணிக்கும் போட்டேன், மூணு மணிக்கும் போட்டேன்." இப்போது அவளுக்கே கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "எங்க அந்தப் பெட்டி? தின்னாச்சா?"

உள்ளே போய்க் கொண்டுவந்தார். பிரிக்கவே இல்லை. தாள்கூடக் கசங்கவில்லை. அம்மா படத்துக்கு முன்னால் வைத்திருந்தாராம். தின்ன மனசு வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை. மசாயோ அதை வாங்கி, அந்தத் தாளைப் பரபரவென்று கிழித்துச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"கண்ணாடி போடாம எடுத்துட்டேன். எனக்கு முடிச்சும் தெரியல, ஒண்ணும் தெரியல. நீங்க வரக்கூடாதுன்னு நான் கனவுலகூட நெனச்சதில்ல. அன்னைக்கு முழங்காலுக்கு நல்லதுன்னு சொன்னேனே, அதுவும் பொய். நகோயாவுக்குப் போகாதீங்க."

"தம்பிக்கு வாக்குக் குடுத்துட்டேன் வீட்டம்மா," என்றார் மெதுவாக.

மசாயோ அந்த ஒட்டு மரத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு சைக்கிளைத் திருப்பினாள்.

"பத்து மணி டீயும் மூணு மணி டீயும் வேலைக்கு வர்றவங்களுக்கு. நான் வீட்டுல டீ குடிக்கறது காலையில ஏழு மணிக்கு. நாளைக்கு ரெண்டு கோப்பை வைப்பேன். வந்தா வாங்க. வரலேன்னா நகோயாவுல உடம்பைப் பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள். இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே தண்ணீர் கொதித்துவிட்டது. கீரை ஊறுகாயை நறுக்கினாள். உள்ளே தாழ்ந்த மேஜையில் இரண்டு கோப்பை வைத்தாள். ஏழு அடித்தது. தோட்டத்துப் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படலையே பார்த்தாள். படல் அசையவில்லை. ஏழு ஐந்து. ஏழு பத்து. குளத்தின்மேல் மேப்பிள் அவிழ்ந்த தலையோடு நின்றது, கிள்ளாத கொழுந்துகள் ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. ஏழே கால் ஆனபோது அவள் இரண்டாவது கோப்பையைக் கையில் எடுத்தாள், திரும்ப அலமாரியில் வைத்துவிட.

அப்போதுதான் முன்வாசலில் மணி அடித்தது.

தபால்காரராக இருக்கும் என்று போய்த் திறந்தாள். குனிஹிகோ நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தோல் செருப்பு. தோளில் ஏணி இல்லை, இடுப்பில் கத்தரி இல்லை, சாமணம் இல்லை. அந்த இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"லேட்டாயிடுச்சு. பழக்கத்துல படலுக்கு வெளியவே போய் நின்னுட்டேன். கால்மணி நேரம் நின்னுட்டுத்தான், இன்னைக்கு இந்தப் பக்கமா வரணும்னு தோணிச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பிக்கு ராத்திரியே போன் பண்ணிட்டேன். நல்லாத் திட்டினான்."

மசாயோ வழிவிட்டு நின்றாள். கையில் இன்னும் அந்தக் கோப்பை இருந்தது.

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக அந்த வீட்டுப் படியில் ஏறினார். இடது கால் சாக்ஸில் பெருவிரல் முழுசாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் வலது காலால் அதை மறைக்கப் பார்த்தார்.

தோட்டத்துப் பக்கம் வேலிக்கு மேலிருந்து தோக்கியேவின் குரல் வந்தது. அழுகிற மாதிரி இருந்தது.

"மசாயோ! இன்னைக்கும் ஒண்ணும் மிதந்து வரலடி! போயே போய்ட்டாரா அந்த மனுஷன்?"

மசாயோ தலைமேல் கைவைத்துப் பார்த்தாள். கண்ணாடி அங்கேதான் இருந்தது. இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, அவர் காலையும் முகத்தையும் ஒருதரம் நன்றாகப் பார்த்தாள்.

"அதைக் கழட்டிக் குடுங்க முதல்ல," என்றாள். "டீ ஆறறதுக்குள்ள தைச்சுடறேன்."